போக்ஸ் கம்பிச் சக்கரத்தைக் கணினியில் வரைவது எப்படி?

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வாடகைக்கு ஓடும் சைக்கிள்களில், இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற வண்டிதான் சக்கரத்தை அதிகம் தின்னும். அதன் ஹப் (சக்கரத்தின் நடுவில் கம்பிகள் கிளம்பும் பகுதி) போய்விட்டால் அதே அளவில் மலையில் கிடைக்காது. கீழே லேத் பட்டறைக்குக் கொண்டுபோனால் முதல் கேள்வியே ‘டிராயிங் இருக்கா?’ என்பதுதான். பாலிடெக்னிக், ஐடிஐ படிக்கிற பிள்ளைகளுக்கும் இதே சக்கரம் மினி பிராஜெக்டாக வந்து நிற்கிறது. ரிம்மை வரைந்துவிடுகிறார்கள், ஹப்பையும் வரைந்துவிடுகிறார்கள், கம்பியில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். நானும் அங்கேதான் வெகுநாள் மாட்டிக்கிடந்தேன். இணையத்தில் இருக்கும் காணொளிகள் பெரும்பாலும் கம்பிகளைச் சூரியக் கதிர்போல நேராக வரைந்து முடித்துவிடுகின்றன. நம் ஊர் சைக்கிளில் அப்படிச் சக்கரம் எங்கே இருக்கிறது?

36 கம்பிச் சக்கரத்தில் 36 கம்பியையும் வரைய வேண்டாம். நான்கே நான்கு வரைந்தால் போதும், மற்றதை மென்பொருள் சுற்றிப் போட்டுக்கொள்ளும். ஆனால் அந்த நான்கும் ஹப்பில் எந்தத் துளையில் கிளம்பி ரிம்மில் எந்தத் துளைக்குப் போகின்றன என்று தெரிய வேண்டும். அதற்குச் சக்கரத்தைச் சரியாக அளந்திருக்க வேண்டும். ஆகவே பாதி வேலை கணினிக்கு வெளியேதான்.

1. மென்பொருளை முடிவு செய்யுங்கள்

நான் சொல்லப்போவது ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருள். காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம், சான்றிதழ் எதுவும் கேட்காது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. அதற்கு முந்தைய பதிப்பு கணினியில் இருந்தால் எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். பதிவிறக்கம் சில நூறு எம்பி வரும். மழைநாளில் மொபைல் டேட்டாவை நம்பி உட்காராமல், நல்ல இணைப்பு இருக்கிற இடத்தில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்துவிடுங்கள். நிறுவிய பிறகு இணையமே வேண்டாம் என்பது மலையில் பெரிய சௌகரியம்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக:

ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசம்தான். ஆனால் உங்கள் பெயர், கல்லூரியின் பெயர், நடப்புக் கல்வியாண்டின் தேதி மூன்றும் தெரிகிற ஆவணம் கேட்பார்கள். அடையாள அட்டையில் தேதி இல்லையென்றால் கட்டண ரசீதையோ போனஃபைடையோ ஸ்கேன் செய்து வையுங்கள். அட்டையில் ‘எஸ். முருகன்’ என்றும் கணக்கில் ‘முருகன் எஸ்’ என்றும் இருந்தால்கூடத் திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு. ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு இந்த உரிமம் செல்லாது.

ஃப்யூஷனின் தனிநபர் இலவசப் பதிப்பில் ஒரே நேரத்தில் 10 கோப்புகளைத்தான் திருத்தும் நிலையில் வைக்க முடியும். அதுவும் வணிக வேலைக்கு ஆகாது. வாடகை சைக்கிள் கடைக்கு வரைவது வணிகம்தான். ஆன்ஷேப் இலவசக் கணக்கில் நீங்கள் வரைவதெல்லாம் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும், இணையம் போனால் வேலையும் நிற்கும்.

கணினியில் 8 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி. 4 ஜிபியிலும் வரையலாம், ஆனால் கடைசியில் தாளில் எடுக்கும்போது மூச்சு வாங்கும். ஒன்றை மறக்காதீர்கள்: விருப்பத் தேர்வுகளில் ஆவணம் என்ற பகுதிக்குப் போய், தானாகச் சேமிக்கும் இடைவெளியைச் சில நிமிடங்களாகக் குறைத்துவிடுங்கள். ஐப்பசி மழையில் கரண்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

2. சக்கரத்தை அளந்துகொள்ளுங்கள்

தேவையானவை: வெர்னியர் காலிப்பர், ஸ்டீல் டேப், இரண்டு பழைய போக்ஸ் கம்பி, நிப்பிள் (கம்பி முனையை ரிம்மில் இறுக்கும் சின்ன நட்டு), நோட்டு, பென்சில். பிளாஸ்டிக் டிஜிட்டல் காலிப்பர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, இந்த வேலைக்கு அதுவே போதும். பட்டறை வேலை தொடர்ந்து செய்வீர்கள் என்றால் ஸ்டீலில் வாங்குங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அவசரப்படாதீர்கள்.

முதலில் முன் சக்கரத்தை எடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருப்பதால் கற்றுக்கொள்ள அதுதான் எளிது. பின் சக்கரத்தை அப்புறம் பார்க்கலாம்.

‘26 இஞ்ச்’ என்று எல்லோரும் சொல்கிறோமே, அந்த 26 இஞ்சை ரிம்மில் எங்கே டேப் வைத்தாலும் பார்க்க முடியாது. டயரின் பக்கவாட்டில் 50-559 என்பதுபோல ஓர் எண் அச்சாகியிருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, டயர் விளிம்பு ரிம்மில் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில். மவுண்டன் பைக்குகளின் 26 இஞ்ச் என்றால் 559. 26 × 1⅜ டயர் என்றால் 590. பால்காரர் ஓட்டும் பெரிய சைக்கிளின் 28 × 1½ என்றால் 635. இரண்டு ‘26 இஞ்ச்’சுக்கும் இடையில் 31 மி.மீ. வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். பெயரை நம்பி வரைந்தால் சக்கரமே வேறாகிவிடும்.

கம்பிக்கு அந்த 559 உதவாது. கம்பி முடிகிற இடம் வேறு. நிப்பிளின் தலை ரிம்மில் எங்கே உட்காருகிறதோ அங்கிருந்து எதிர்ப்பக்கத்து நிப்பிள் தலைவரை உள்ள விட்டம்தான் வேண்டும். ஈஆர்டி என்று கம்பி விற்பவர்கள் சொல்வது இதைத்தான். இதை அளக்க ஒரு வழி இருக்கிறது.

இரண்டு பழைய கம்பிகளை எடுத்து, மரை இருக்கும் முனையிலிருந்து சரியாக 200 மி.மீ. விட்டு வெட்டுங்கள். நிப்பிளை மாட்டி, கம்பியின் முனை நிப்பிள் தலையில் ஸ்க்ரூ டிரைவர் வைக்கும் பள்ளத்தின் அடியைத் தொடும்வரை திருகுங்கள். கழற்றி வைத்த வெறும் ரிம்மில் ஒரு துளையில் ஒரு கம்பி, அதிலிருந்து எண்ணி 18ஆவது துளையில் இன்னொரு கம்பி. இரண்டையும் உள்பக்கமாக இழுத்துப் பிடித்து, வெட்டிய முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளங்கள். 140 மி.மீ. வந்தால் 200 + 200 + 140, ஆக 540. மூன்று நான்கு இடங்களில் இப்படி அளந்து சராசரி எடுங்கள். வாடகை சைக்கிள் ரிம் எதுவும் முழு வட்டமாக இருக்காது. கல்லில் ஏறி இறங்கி எங்காவது ஒரு பக்கம் உள்வாங்கியிருக்கும்.

ஹப்பில் நான்கு அளவுகள்:

கம்பித் துளைகள் இருக்கும் வட்டத்தின் விட்டம். எதிரெதிர்த் துளைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து, ஒரு துளையின் விட்டத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 47.6 வந்து துளை 2.6 என்றால், வட்டம் 45.

துளையின் விட்டம். பழைய ஹப்பில் கம்பி இழுத்து இழுத்துத் துளை முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கும். நீள்வாக்கில் அளக்காமல் குறுக்கே அளங்கள்.

கம்பி மாட்டும் விளிம்புத் தட்டின் தடிமன். நம் உதாரணத்தில் 2.5.

ஹப்பின் நடுவிலிருந்து தட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. இதை நேரடியாக அளக்க முடியாது. ஒரு பக்க லாக்நட்டின் (அச்சில் ஹப்பின் ஓரத்தில் இருக்கும் நட்டு) வெளிமுகத்திலிருந்து மறுபக்க லாக்நட்டின் வெளிமுகம்வரை அளந்து பாதியாக்குங்கள். முன் ஹப்பில் பெரும்பாலும் 100 வரும், பாதி 50. லாக்நட் முகத்திலிருந்து தட்டின் நடுவரை 15 என்றால், 50இலிருந்து 15 போக 35. இந்த 35ஐத் ‘தள்ளல்’ என்று வைத்துக்கொள்வோம்.

கடைசியாக, ஒரு கம்பி எத்தனை கம்பியைக் குறுக்கே தாண்டிப் போகிறது என்று எண்ணுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகளை மட்டும் எண்ண வேண்டும். தட்டை ஒட்டி நடக்கும் முதல் குறுக்கீடும் கணக்கில் சேரும். பலரும் அதை விட்டுவிட்டு ‘இரண்டு’ என்று எழுதிவிடுகிறார்கள். 36 கம்பிச் சக்கரத்தில் பெரும்பாலும் மூன்று.

முடிந்தால் அந்தச் சக்கரத்திலிருந்து கோணாத ஒரு கம்பியைக் கழற்றி, வளைவின் உள்பக்கத்திலிருந்து மரை முனைவரை அளந்து எழுதி வையுங்கள். பின்னால் உங்கள் வரைபடத்துக்கு அதுதான் சாட்சி.

3. அளவுகளை ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுங்கள்

ஃப்ரீகேட்டுக்குள்ளேயே ஸ்ப்ரெட்ஷீட் இருக்கிறது. ஓர் அளவுக்கு ஒரு செல். ஒவ்வொரு செல்லுக்கும் அதன் பண்புகளில் ‘ஏலியஸ்’ என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் கொடுங்கள். அந்தப் பெயரை வைத்துத்தான் பிறகு எல்லா இடத்திலும் அளவைக் கூப்பிடப்போகிறோம். ரிம்மை மாற்றினால் ஒரு செல்லை மாற்றினால் போதும், சக்கரம் முழுக்கத் தானே மாறும்.

இரண்டு பொறிகள் இங்கே இருக்கின்றன. ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்த பெயரை வைத்தால் அதைச் செல்லின் முகவரி என்று நினைத்து ஏற்காது. கொஞ்சம் நீளமான பெயராக வையுங்கள். அப்புறம், நீளங்களுக்கு மி.மீ. அலகைப் போடுவதென்றால் எல்லாவற்றுக்கும் போடுங்கள். பாதிக்கு அலகு இருந்து பாதிக்கு இல்லாவிட்டால், கூட்டும் இடத்தில் அலகு பொருந்தவில்லை என்று சிவப்பில் கத்தும்.

கம்பி நீளத்துக்கான சூத்திரம்:

நீளம் = √(ரிம் ஆரம்² + ஹப் ஆரம்² + தள்ளல்² − 2 × ரிம் ஆரம் × ஹப் ஆரம் × காஸ் கோணம்) − துளை விட்டத்தில் பாதி

கோணம் = 720 × குறுக்கீடுகள் ÷ மொத்தக் கம்பிகள். 36 கம்பி, மூன்று குறுக்கீடு என்றால் 60 டிகிரி. 32 கம்பி என்றால் 67.5.

நம் உதாரணத்தைப் போட்டுப் பாருங்கள். ரிம் ஆரம் 270, ஹப் ஆரம் 22.5, தள்ளல் 35. வர்க்கமூலம் 261.8, அதில் துளையின் பாதி 1.3 போக 260.5 மி.மீ. கழற்றி அளந்த கம்பி இதற்கு ஒன்றிரண்டு மி.மீ. இங்கேயோ அங்கேயோ இருந்தால் உங்கள் அளவுகள் சரி. ஐந்தாறு மி.மீ. விலகினால் மேலே போகாதீர்கள். பெரும்பாலும் ஈஆர்டி தப்பாக இருக்கும், இல்லை குறுக்கீட்டை ஒன்று குறைத்து எண்ணியிருப்பீர்கள்.

ஃப்ரீகேட் கோணத்தை டிகிரியாக எடுத்துக்கொள்ளும். எக்செல்லும் லிப்ரே ஆபீஸும் ரேடியனாக எடுத்துக்கொள்ளும். இதே கணக்கை எக்செல்லில் 60 என்று அப்படியே போட்டால் 292 மி.மீ. வரும். இதில் ஆபத்து என்னவென்றால், 292 என்பது அபத்தமான எண்ணாகத் தெரியாது. 700சி ரோடு பைக்குக்கு நிஜமாகவே அந்த அளவில் கம்பி இருக்கிறது, கடைக்காரர் சந்தேகப்படாமல் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

4. ரிம்மும் ஹப்பும்

இரண்டுமே சுழற்றி எடுக்கும் வடிவங்கள். சக்கரத்தின் அச்சை இசட் அச்சாக வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை அதை மாற்றாதீர்கள்.

ஃப்ரீகேட்டில் ஒவ்வொரு வகை வேலைக்கும் ஒரு கருவித் தொகுப்பு உண்டு, அதை ஒர்க்பெஞ்ச் என்பார்கள். அதில் பார்ட் டிசைனில் எக்ஸ்-இசட் தளத்தில் ரிம்மின் வெட்டுமுகத்தை ஸ்கெட்ச் செய்து, ரெவல்யூஷன் (அச்சைச் சுற்றிச் சுழற்றும் கட்டளை) கொடுத்தால் ரிம் வந்துவிடும். வெட்டுமுகத்தை நகல் எடுத்ததுபோல வரைய மெனக்கெட வேண்டாம். அகலம், உயரம், டயர் உட்காரும் விட்டம், நிப்பிள் உட்காரும் விட்டம் நான்கும் சரியாக இருந்தால் போதும். எல்லா அளவும் கொடுத்து முடித்ததும் ஸ்கெட்ச் பச்சையாக மாறும். பச்சையாகாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ரிம்மில் ஒரு துளை போட்டு, அதை வட்டமாகச் சுற்றிப் போடும் போலார் பேட்டர்னில் 36 முறை. முதல் துளை எக்ஸ் அச்சின் மேல், அதாவது 0 டிகிரியில் இருக்கட்டும். வால்வுத் துளையை 35 டிகிரியில் போடுங்கள். ஏன் 35 என்பது அடுத்த படி முடிந்ததும் கண்ணுக்கே தெரியும்.

ஹப்பிலும் அதேபோல் வெட்டுமுகம், ரெவல்யூஷன். துளைகளில்தான் ஒரு வலை இருக்கிறது. ஒரு பக்கத் தட்டில் 18 துளை, 20 டிகிரிக்கு ஒன்று. மறுபக்கத் தட்டிலும் 18, ஆனால் அவை 10 டிகிரி தள்ளி, முன்பக்கத் துளைகளின் இடைவெளிக்கு நேரே வரும். நிஜ ஹப்பில் ஒரு கம்பியை அச்சுக்கு இணையாக ஒரு துளையில் நேரே நுழைத்துப் பாருங்கள், எதிர்த் தட்டில் துளைக்குள் போகாமல் இரண்டு துளைகளுக்கு நடுவில் முட்டும். துளை வெட்டும் பாக்கெட் கட்டளையில் ‘த்ரூ ஆல்’ என்று கொடுத்தால் அது இரண்டு தட்டையும் ஒரே நேர்கோட்டில் துளைத்துவிடும். பார்க்க நன்றாகவே இருக்கும், கம்பி போடும்போதுதான் எதுவும் பொருந்தாது. ஆகவே ஆழத்தை எண்ணாகக் கொடுத்து ஒரு தட்டை மட்டும் துளையுங்கள். மறு தட்டுக்குத் தனி ஸ்கெட்ச், 10 டிகிரி தள்ளி.

5. நான்கு கம்பிகள்

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம்.

இசட் அச்சின் கூட்டல் பக்கத்திலிருந்து சக்கரத்தைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துத் தட்டு ‘இந்தப் பக்கம்’, பின்னால் இருப்பது ‘அந்தப் பக்கம்’. ஒவ்வொரு தட்டிலும் கம்பிகள் ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிர்த் திசையில் சாய்கின்றன. ஹப் துளையின் கோணத்தோடு 60ஐக் கூட்டினால் ரிம் துளை கிடைக்கிற கம்பியைக் கூட்டல் கம்பி என்றும், 60ஐக் கழித்தால் கிடைக்கிறதைக் கழித்தல் கம்பி என்றும் சொல்கிறேன். 36 கம்பி, மூன்று குறுக்கீட்டுக்கு நான்கும் இதோ:

இந்தப் பக்கம், கூட்டல்: ஹப்பில் 0, ரிம்மில் 60
இந்தப் பக்கம், கழித்தல்: ஹப்பில் 20, ரிம்மில் −40
அந்தப் பக்கம், கூட்டல்: ஹப்பில் 10, ரிம்மில் 70
அந்தப் பக்கம், கழித்தல்: ஹப்பில் 30, ரிம்மில் −30

32 கம்பிச் சக்கரமென்றால்: 0 மற்றும் 67.5, 22.5 மற்றும் −45, 11.25 மற்றும் 78.75, 33.75 மற்றும் −33.75. வால்வு 39.375 டிகிரியில்.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள்.

வரைவதற்கு டிராஃப்ட் கோட்டை எடுக்காதீர்கள். பார்ட் ஒர்க்பெஞ்சில் ப்ரிமிட்டிவ்ஸ் பட்டியலில் ‘லைன்’ என்று ஒன்று உண்டு. அதன் இரண்டு முனைகளுக்கும் எக்ஸ், ஒய், இசட் என ஆறு கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் நீல வட்டமாகத் தெரியும் சூத்திரக் குறியை அழுத்தி ஸ்ப்ரெட்ஷீட் பெயர்களை வைத்துச் சூத்திரம் எழுதலாம். எக்ஸ் என்றால் ஆரம் × காஸ் கோணம். ஒய் என்றால் ஆரம் × சைன் கோணம். முதல் கம்பிக்கு ஹப் முனை 22.5, 0 என்றும் ரிம் முனை 135, 233.83 என்றும் வர வேண்டும். ரிம் முனையின் இசட் எப்போதும் 0.

ஹப் முனையின் இசட் மட்டும் யோசித்துப் போட வேண்டியது. நேராக 35 என்று போட்டால் கூட்டல் கம்பியும் கழித்தல் கம்பியும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகும். நிஜத்தில் ஒன்று தட்டின் உள்முகத்தை ஒட்டியும் மற்றது வெளிமுகத்தை ஒட்டியும் போகிறது. தட்டின் தடிமனில் பாதி 1.25, கம்பியின் தடிமனில் பாதி 1, சேர்த்து 2.25. ஆக உள்ளே போகும் கம்பிக்கு 32.75, வெளியே போகும் கம்பிக்கு 37.25. அந்தப் பக்கத்துக்கு இதே எண்கள் கழித்தல் குறியோடு. எது உள்ளே, எது வெளியே என்பதை உங்கள் சக்கரத்தைப் பார்த்து அதேபோல் வையுங்கள், கட்டியவருக்கு ஏற்றபடி அது மாறும்.

கோட்டைத் தேர்ந்தெடுத்து நீளத்தைப் பாருங்கள். உள் கம்பி 261.5, வெளிக் கம்பி 262.1 என்று வரும். துளையின் பாதி 1.3ஐக் கழித்தால் மூன்றாம் படியில் வந்த 260.5ஐச் சுற்றியே இருக்கிறது. வேறு ஏதாவது வந்தால் கோணம் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

கோட்டைக் கம்பியாக்க, 2 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டத்தை ஸ்கெட்ச் செய்து, அதை ‘நார்மல் டு எட்ஜ்’ முறையில் கோட்டின் முனையில் ஒட்டுங்கள். பிறகு, வட்டத்தைக் கோட்டின் வழியே இழுத்து உருவாக்கும் பார்ட் ஒர்க்பெஞ்சின் ஸ்வீப், ‘சாலிட்’ என்ற பெட்டியில் டிக். வட்டம் கோட்டுக்குச் செங்குத்தாக இல்லையென்றால் கம்பி பட்டையாக வரும். நான்கு கோட்டுக்கும் இதையே செய்யுங்கள்.

கொக்கி வளைவும் கம்பித் தலையும் முதல் தடவைக்கு வேண்டாம் என்பேன். அவற்றில் செலவாகும் நேரத்துக்குப் பலன் குறைவு. நிப்பிள் மட்டும் போடலாம். 4 மி.மீ. விட்டம், 12 மி.மீ. நீளத்தில் ஒரு உருளையை ரிம் முனையில் கோட்டின் திசையிலேயே வைத்தால் போதும். இன்னொன்று: நிஜச் சக்கரத்தில் கடைசிக் குறுக்கீட்டில் ஒரு கம்பி மற்றதற்குப் பின்னால் கோத்து வரும், அங்கே இலேசாக வளையும். வரைபடத்தில் நேராகவே விடுங்கள். இந்த அளவுகளில் அந்த இடத்தில் கம்பிகளின் மையக்கோடுகளுக்கு நடுவே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருப்பதால் இடிக்காது. கோத்துக் கட்ட வேண்டும் என்று வரைபடத்தில் ஒரு குறிப்பு எழுதினால் கட்டுகிறவருக்குப் புரியும்.

6. சுற்றிப் போடுங்கள்

நான்கு கம்பியையும் நிப்பிள்களையும் சேர்த்து ஒரே காம்பவுண்டாக (ஒரே தொகுதியாக) ஆக்குங்கள். டிராஃப்ட் ஒர்க்பெஞ்சில் போலார் அரே: எண்ணிக்கை 9, கோணம் 360, மையம் பூஜ்யம், அச்சு இசட். ‘லிங்க்’ இருக்கட்டும், ‘ஃப்யூஸ்’ வேண்டாம். லிங்க் இருந்தால் ஒன்பது தொகுதியும் ஒரே மூலத்தைச் சுட்டும், கணினி திணறாது. பார்ட் டிசைனின் போலார் பேட்டர்னை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது ஒட்டிய ஒரே உடலை எதிர்பார்க்கும் கருவி, தனித்தனியாக நிற்கும் கம்பிகளுக்கு ஏற்றதல்ல. 32 கம்பியென்றால் எண்ணிக்கை 8.

இப்போது மேலிருந்து பாருங்கள். ரிம்மின் ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்பி, ஒன்றுகூடக் காலியில்லை, எதிலும் இரண்டில்லை என்றால் சக்கரம் தேறிவிட்டது. 35 டிகிரியில் வால்வைப் பாருங்கள். அதன் இரு பக்கத்துக் கம்பிகளும் ஹப்பை நோக்கிப் போகும்போது ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன. பம்ப் தலையை மாட்ட அங்கேதான் கை நுழையும். 15 டிகிரியில் போட்டிருந்தால் வால்வுக்கு நேர் மேலே இரண்டு கம்பி கத்தரிபோல் குறுக்கிட்டிருக்கும். புதிதாகச் சக்கரம் கட்டுகிறவர்கள் கடையிலும் இதே இடத்தில்தான் தடுமாறுவார்கள், காற்றடிக்க வரும்போது தெரியும்.

7. பின் சக்கரம்

கோப்பை வேறு பெயரில் சேமித்துக்கொண்டு தொடங்குங்கள். மாறுவது தள்ளல் மட்டும்தான். செயின் பக்கத்தில் ஃப்ரீவீல் இடம் எடுத்துக்கொள்வதால் அந்தத் தட்டு நடுவுக்கு நெருங்கியிருக்கும். லாக்நட்டுக்கு லாக்நட் 135, பாதி 67.5. செயின் பக்க லாக்நட்டிலிருந்து தட்டு 47 என்றால் தள்ளல் 20.5. மறுபக்கம் 32.5 என்றால் 35. மற்ற அளவுகள் அதேயென்றால் செயின் பக்கக் கம்பி 259, மறுபக்கம் 260.5. ஒன்றரை மி.மீ. தானே என்று ஒரே நீளத்தில் வாங்காதீர்கள். கோட்டம் எடுக்கும்போது ஒரு பக்கம் மரை தீர்ந்துபோகும்.

பால்கார சைக்கிளின் பின் சக்கரத்தில் 40 கம்பி இருக்கும், முன்னால் 32. எண்ணாமல் 36 என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 40க்குக் கோணம் 720 × 3 ÷ 40, அதாவது 54. தொகுதி 36 டிகிரிக்கு ஒன்று, 10 முறை.

8. தாளில் எடுத்துப் பட்டறைக்குக் கொடுப்பது

பட்டறைக்கு முழுச் சக்கரத்தின் படம் தேவையில்லை. ஹப் செய்யச் சொல்கிறீர்களா, ஹப்பை மட்டும் கொடுங்கள். தாளில் வரைபடமாக எடுக்கும் டெக்டிரா ஒர்க்பெஞ்சில் ஏ3 தாளைத் திறந்து, ஒரு வெட்டுமுகப் பார்வை, ஒரு பக்கப் பார்வை. முழுச் சக்கரத்தைத் தாளில் வைக்கப் போனால் மறைகோடுகளை அணைத்துவிடுங்கள். 36 கம்பிக்கும் எது முன்னால், எது பின்னால் என்று கணக்குப் போட்டு முடிப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பார்வைகளைத் தாளில் எந்தப் பக்கம் வைப்பது என்பதில் நம் நாட்டில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறைதான் வழக்கம், பக்க அமைப்பில் அது சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாறியிருந்தால் வலது இடதாகிவிடும். பின் ஹப்பில் அது விபரீதம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: பிடிஎஃப்பும் அதன் அச்சுப் பிரதி இரண்டும், ஸ்டெப் கோப்பு (முப்பரிமாண வடிவம்), லேசரில் தட்டு வெட்டுவதென்றால் டிஎக்ஸ்எஃப் கோப்பு (தட்டையான வரைபடம்), பழைய ஹப். வரைபடத்தில் கட்டாயம் எழுத வேண்டியவை: எல்லா அளவும் மி.மீ., உலோகம், எண்ணிக்கை, இரு தட்டின் துளைகளும் ஒன்றுக்கொன்று 10 டிகிரி தள்ளி. டிஎக்ஸ்எஃப் திறக்கும் இடத்தில் அலகு மாறி 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்து நிற்பதுண்டு. அதனால் தட்டின் வெளிவிட்டத்தைச் சொல்லி அங்கேயே சரிபார்க்கச் சொல்லுங்கள். துளை போடுகிறவரிடம் டிவைடிங் ஹெட் (வட்டத்தைச் சம பாகங்களாகத் திருப்பும் கருவி) இருக்கிறதா என்றும் கேளுங்கள். 18 துளைக்கு, ஒரு துளையிலிருந்து அடுத்ததற்கு அதன் கைப்பிடியை இரண்டு முழுச் சுற்றும், அதன் தகட்டில் 18 துளை வட்டத்தில் நான்கு துளையும் திருப்ப வேண்டும். கையால் மார்க் பண்ணிப் போடுகிறேன் என்று சொன்னால் வேறு பட்டறை பாருங்கள்.

ஏ3 பிரிண்ட் மலையிலேயே எடுத்துவிடலாம். ஏ1 பிளாட் வேண்டுமென்றால் திண்டுக்கல்லோ மதுரையோதான். கூலி, உலோகம், துளை போடுவது மூன்றையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லி, ஜிஎஸ்டி பில் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஹப்பைக் கடைந்தெடுப்பது கடையில் வாங்குவதைவிடப் பல மடங்கு ஆகும். சந்தையில் ஒத்த அளவு கிடைக்கிறதென்றால் வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். பல வண்டிக்கு ஒரே ஹப் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டுமே இது கட்டுப்படியாகும்.

நேரத்தைப் பொறுத்தவரை, அளப்பதற்கு ஒரு காலைப் பொழுது, வரைய ஒரு சனி ஞாயிறு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சக்கரம் ஒரு மாலையில் முடிந்துவிடும். பட்டறைக்குப் போக வாரநாளைத் தேர்ந்தெடுங்கள். திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். சீசனில், அதிலும் ஏப்ரல் மே சனி ஞாயிறுகளில், பெருமாள்மலையிலிருந்தே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் பட்டறை திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம், மதியச் சாப்பாட்டுக்கு முன் பேச்சை முடித்துவிடலாம். கொடுத்துவிட்டு வரும்போது பழைய ஹப்பில் ஒரு சீட்டைக் கட்டி, அதில் உங்கள் போன் நம்பரையும் கோப்பின் பெயரையும் எழுதிவிட்டு வாருங்கள்.